நட்டதை எண்ணினோம், பிழைத்ததை எண்ணினோமா?

என் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. நாற்பது மாணவர்கள் பச்சை நிறச் சட்டையில் வரிசையாக நிற்கிறோம். ஆளுக்கொரு மரக்கன்று கையில். பின்னால் பெரிய பதாகை. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் நான் சேர்ந்த மாணவர் இயக்கம் நடத்திய மரம் நடும் நிகழ்ச்சி அது. அன்று 200 கன்றுகள் நட்டோம். அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. "200 மரங்கள் நடப்பட்டன" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நல்ல படங்களாகப் பார்த்து ஒட்டி அனுப்பினேன். எல்லாருக்கும் புறப்பாடப் புள்ளிகள் கிடைத்தன.

எட்டு மாதம் கழித்து ஒரு பாடத்தின் இடுபணிக்காக அதே இடத்துக்குப் போனேன். கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். 63 தான் இருந்தன. சில காய்ந்து குச்சியாக நின்றன. சில புல்வெட்டும் இயந்திரத்துக்கு இரையாகியிருந்தன. நட்ட பிறகு தண்ணீர் ஊற்ற ஆளில்லை. நானும் ஊற்றவில்லை.

அறிக்கையில் நான் பொய் எழுதவில்லை. நட்டது 200 தான். ஆனால் அதைப் படிக்கிறவர், 200 மரங்கள் அங்கே வளர்ந்துகொண்டிருப்பதாகத்தானே நினைப்பார்? அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏனென்றால், என் இடுபணியின் தலைப்பு, பருவநிலை மாற்றத்தைத் தடுக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளை அவை எப்படிக் கணக்குக் காட்டுகின்றன என்பது. படிக்கப் படிக்க, நான் செய்த அதே காரியத்தை நாடுகளும் செய்வது தெரிந்தது.

நாட்டின் தேர்ச்சி அறிக்கை

2015 டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம் உருவானது. 2016 நவம்பரில் மலேசியா அதை உறுதிப்படுத்தியது. புவி வெப்பத்தைக் குறைக்க என்ன செய்வோம் என்று ஒவ்வொரு நாடும் தானே ஓர் இலக்கு வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு குறைத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை. இலக்கை எட்டாத நாட்டுக்கு அபராதமும் இல்லை.

அப்படியானால் ஒப்பந்தத்தைத் தாங்கி நிற்பது எது? கணக்குதான். ஒப்பந்தத்தின் 13ஆவது பிரிவு இதைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும், எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளியேற்றினோம், சொன்ன இலக்கில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். இதன் பெயர் ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கை. மற்ற நாடுகளைச் சேர்ந்த வல்லுநர்கள் அதைப் பரிசோதித்துக் கேள்வி கேட்பார்கள். முதல் அறிக்கைக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. குறித்த நாளுக்குள் பாதிக்கும் குறைவான நாடுகளே கொடுத்தன. மலேசியா கொடுத்தது. அதற்காக நாம் பெருமைப்படலாம்.

பள்ளியில் தேர்ச்சி அட்டை தெரியும் நமக்கு. ஆசிரியர் மதிப்பெண் போடுவார், அப்பா கையெழுத்துப் போடுவார். இங்கே ஒரு வேறுபாடு. மாணவரே தேர்வு எழுதி, மாணவரே திருத்தி, மாணவரே மதிப்பெண் போடுகிறார். ஆசிரியர் பிறகு வந்து, "இந்த மதிப்பெண் எப்படி வந்தது?" என்று கேட்கலாம். அவ்வளவுதான். எனவே மாணவரின் நேர்மையும், கேள்வி கேட்பவரின் விவரமும் இல்லாவிட்டால் அந்த அட்டைக்கு மதிப்பில்லை.

மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்குவோம்

ஒரு நாட்டின் வாயு வெளியேற்றத்தை எப்படி அளக்கிறார்கள்? ஒவ்வொரு புகைபோக்கியிலும் கருவி வைப்பதில்லை. பெரும்பாலும் அது ஒரு பெருக்கல் கணக்கு. எவ்வளவு எரித்தோம் என்பதை, ஓர் அலகு எரித்தால் எவ்வளவு வாயு வரும் என்பதால் பெருக்குகிறார்கள்.

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். மாதாந்திர மின்கட்டண ரசீதை எடுங்கள். அதில் எத்தனை கிலோவாட் மணி பயன்படுத்தினோம் என்று இருக்கும். தீபகற்ப மலேசியாவில் ஒரு கிலோவாட் மணி மின்சாரம் தயாரிக்க, முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு வெளியேறுகிறது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருவதே காரணம். எங்கள் வீட்டில் மாதம் 400 அலகு ஓடுகிறது. அப்படியென்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 300 கிலோ. குளிர்சாதனத்தை விடிய விடிய ஓடவிட்ட மாதங்களில் இன்னும் கூடும்.

நாட்டின் கணக்கும் இப்படித்தான். மின்சாரம், வாகன எரிபொருள், தொழிற்சாலை, வயல், குப்பைமேடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெருக்கல். ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2006இல் வெளியிட்ட வழிகாட்டி நூல்கள்தான் இதற்கு வாய்ப்பாடு. மலேசியா 2022இல் கொடுத்த அறிக்கையின்படி, 2019இல் நாம் வெளியேற்றியது ஏறத்தாழ 330 மில்லியன் டன். அதில் முக்கால் பங்குக்கு மேல் எரிசக்தித் துறையிலிருந்து வந்தது.

பெருக்கலில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு எண்களில் ஒன்று தப்பானாலும் விடை தப்பு. விடையைப் பார்த்தால் அது தெரியாது. உள்ளே போய், "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால்தான் தெரியும்.

குறைந்தது எது?

2021இல் புதுப்பித்த மலேசியாவின் இலக்கு இது: 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால், 2030க்குள் கரிம அடர்த்தியை 45 விழுக்காடு குறைப்பது. 2015இல் முதலில் சொன்னபோது, இதில் 10 விழுக்காட்டுக்கு வெளிநாட்டு உதவி தேவை என்றோம். பிறகு அந்த நிபந்தனையை நீக்கி, 45 விழுக்காட்டையும் நாமே செய்வோம் என்றோம். இது துணிவான முடிவுதான்.

ஆனால் "கரிம அடர்த்தி" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது மொத்த வாயு அல்ல. பொருளாதாரத்தின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எவ்வளவு வாயு வருகிறது என்பதுதான்.

ஒரு ரொட்டி சானாய் கடையை எடுத்துக்கொள்வோம். 2005இல் நாளுக்கு 100 ரொட்டி போட 10 கிலோ எரிவாயு செலவானது என்று வையுங்கள். இன்று வியாபாரம் பெருகி 300 ரொட்டி. நல்ல அடுப்பு வாங்கியதால் 18 கிலோ எரிவாயுதான் ஆகிறது. ஒரு ரொட்டிக்கான எரிவாயு 40 விழுக்காடு குறைந்துவிட்டது. கடைக்காரர் அதைச் சொல்லிப் பெருமைப்படலாம், அது உண்மையான முன்னேற்றம். ஆனால் மொத்தம் எரிந்த வாயு 80 விழுக்காடு கூடியிருக்கிறது. வானத்துக்கு ரொட்டிக் கணக்குத் தெரியாது. மேலே போனது 10 கிலோவா 18 கிலோவா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

வளரும் நாடு அடர்த்தியை வைத்து இலக்கு வைப்பது குற்றமல்ல. வறுமையை ஒழிக்க வளர்ச்சி வேண்டும். என் குறை என்னவென்றால், "45 விழுக்காடு குறைப்பு" என்று செய்தி வரும்போது எதில் குறைப்பு என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. நானும் இருபது வயது வரை கேட்டதில்லை. 2025இல் மலேசியா கொடுத்த புதிய இலக்கில்தான் முழு அளவிலான குறைப்பு வருகிறது. வெளியேற்றம் உச்சத்தைத் தொடும் அளவிலிருந்து, 2035க்குள் 15 முதல் 30 மில்லியன் டன் வரை குறைப்பது என்பது அந்த இலக்கு. அடர்த்தியிலிருந்து டன்னுக்கு மாறியிருக்கிறோம். இதை வரவேற்க வேண்டும்.

காடு கழித்துக் கொடுத்த கணக்கு

மரம் கரியமில வாயுவை உள்ளிழுக்கும். எனவே நாடுகள் தங்கள் காடுகள் உள்ளிழுத்ததை மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். விதி அதை அனுமதிக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் காடு வைத்திருப்போம் என்று 1992 ரியோ மாநாட்டில் உறுதியளித்த நாடு மலேசியா. நமக்கு இந்தக் கழித்தல் மிகப் பெரிது.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் உலக நாடுகளின் அறிக்கைகளை ஆராய்ந்து ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. நாடுகள் சொல்லும் கணக்குக்கும் உண்மையில் வானத்துக்குப் போகும் வாயுவுக்கும் இடையே ஆண்டுக்கு 850 கோடி டன் முதல் 1,330 கோடி டன் வரை இடைவெளி இருப்பதாக அது கூறியது. அந்தக் கட்டுரை முதலில் எடுத்துக்காட்டிய நாடு மலேசியா. நம் 2016 கணக்கில் காடுகளின் பெயரால் 243 மில்லியன் டன்னுக்கு மேல் கழிக்கப்பட்டிருந்தது. மொத்தத்தில் 73 விழுக்காடு அப்படியே மறைந்துபோனது. பக்கத்து நாடான இந்தோனேசியாவில் உள்ள அதே மாதிரிக் காடுகளைவிட நம் மரங்கள் நான்கு மடங்கு வேகமாகக் கரிமத்தை உள்ளிழுக்கின்றன என்றால்தான் அந்த எண் வரும் என்று அக்கட்டுரை சுட்டிக்காட்டியது.

போர்னியோ தீவில் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியா, இந்தப் பக்கம் சபா, சரவாக். கோடு தாண்டியதும் மரத்துக்கு நான்கு மடங்கு மூச்சு வருமா? கேள்வி நியாயமானதுதானே.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. முதலில் அந்த நாளிதழ் மீது. உலகின் மிகப் பெரிய குற்றவாளிகள் வேறெங்கோ இருக்க, நம்மைப் பிடித்துக்கொண்டார்களே என்று. பிறகு என் 200 கன்றுகள் நினைவுக்கு வந்தன. நானும் விதியை மீறவில்லை. நானும் பொய் எழுதவில்லை.

2019 கணக்கில் காடு கழித்துக் கொடுத்தது ஏறத்தாழ 215 மில்லியன் டன். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 2050க்குள் நிகரச் சுழிய நிலையை அடைய விரும்புவதாகவும் நாம் சொல்லியிருக்கிறோம். வெளியேற்றமும் உள்ளிழுப்பும் சமமாகி விடை சுழியமாவதுதான் அந்த நிலை. காட்டின் எண் தப்பானால் அந்தச் சுழியமும் தப்பு. காகிதத்தில் சுழியம் வந்துவிடும். கடலும் மழையும் காகிதத்தைப் பார்ப்பதில்லை.

நமக்கென்ன வந்தது?

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். பினாங்கில் பெய்த மழையும் காற்றும் விடியும்வரை ஓயவில்லை. ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அம்மா அரிசி மூட்டையை மேசைமேல் தூக்கி வைத்தார். பாட்டியை நாற்காலியோடு தூக்கிக் கட்டிலில் வைத்தோம். மாநிலம் முழுவதும் அந்த வெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். ஒரே ஒரு வெள்ளத்தை எடுத்து இது பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காற்று சூடானால் அது அதிக நீராவியைத் தாங்கும், கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும் என்பது அறிவியல்.

அதன் பிறகு பினாங்கு சும்மா இருக்கவில்லை. தீவின் நகர்ப்பகுதிகளை வெள்ளத்திலிருந்தும் வெப்பத்திலிருந்தும் காக்க, இயற்கை வழித் தகவமைப்புத் திட்டம் ஒன்றுக்கு ஐநாவின் தகவமைப்பு நிதியம் ஒரு கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. ஜார்ஜ்டவுனும் பாயான் லெப்பாஸும் அதன் களங்கள். மரம் வைப்பதும், மழைநீரைத் தாங்கும் பசுமை இடங்களை உருவாக்குவதும் அதில் அடங்கும். இந்தப் பணம் ஒரு தடவை வந்தது. அடுத்த தடவை வர வேண்டுமானால், கொடுத்ததைக் கொண்டு என்ன மாறியது என்று நாம் காட்ட வேண்டும். எத்தனை மரம் நட்டோம் என்பது போதாது. எத்தனை நிழல் தருகின்றன, தெருவில் வெப்பம் எவ்வளவு இறங்கியது, எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வராமல் நின்றது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னொன்று குப்பை. தீவில் நாம் போடும் வீட்டுக் குப்பை கடைசியில் போய்ச் சேருவது பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கமுள்ள பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்கு. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தபோது, அருகிலிருந்த மக்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தீப்பிடிக்காத நாளிலும் அது வாயுவை வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மீந்துபோன சோறும் கறியும் காற்றுப் புகாத அடியில் மட்கும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அந்த மீத்தேனைக் கணக்கிட, குப்பையின் எடையும் அதில் உணவு எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு என்ற விவரமும் வேண்டும். 2016 ஜூன் முதல் பினாங்கில் குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். நாம் ஒழுங்காகப் பிரித்தால்தான் எதில் எவ்வளவு என்று எவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியும். ஐநாவுக்குப் போகும் அறிக்கையின் முதல் எண் நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

பணக்கார நாடுகளை விட்டு நம்மைக் கேட்பதா?

என் நண்பன் ஒருவன் கேட்டான்: "நூறு ஆண்டுக்கு மேலாக எரித்து எரித்துப் பணக்காரர்களானவர்கள் அவர்கள். நாம் எதற்கு உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும்?"

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இதை உலக மேடையில் விடாமல் கேட்டுவரும் ஓர் அமைப்பே நம் பினாங்கில் இருக்கிறது. 1984இல் தொடங்கிய மூன்றாம் உலக வலையமைப்பின் தலைமையகம் இங்கேதான். மறைந்த மார்ட்டின் கோர் அதை நடத்தினார். வழக்கறிஞர் மீனா ராமன் அதன் சார்பில் பருவநிலை மாநாடுகளில் வளரும் நாடுகளுக்காக வாதாடி வருகிறார். அவர்கள் சொல்வது, பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் சமமாக அல்ல.

பாரிஸ் ஒப்பந்தத்தின் அதே 13ஆவது பிரிவு, வளர்ந்த நாடுகள் கொடுக்கும் நிதியுதவிக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009இல் சொன்னார்கள். ஓஇசிடி அமைப்பின் கணக்குப்படியே அது 2022இல்தான் நிறைவேறியது. அதிலும் பெரும்பகுதி கடன். வட்டியோடு திரும்பக் கொடுக்க வேண்டிய கடனை உதவி என்று எப்படி எண்ணலாம் என்று ஆக்ஸ்ஃபாம் போன்ற அமைப்புகள் கேட்கின்றன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா தன் ஆண்டு வாயுக் கணக்கை ஐநாவுக்குக் குறித்த நாளில் அனுப்பவே இல்லை. எண்கள் அரசின் கையில் தயாராக இருந்தன. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் கேட்டு வாங்கி அவற்றை வெளியிட்டது.

ஆகவே நண்பனுக்கு என் பதில் இது. அவர்கள் கணக்கு சரியில்லை என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையோடு நிமிர்ந்து நிற்க, நம் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். நம் காட்டு எண்ணைக் காட்டி அவர்கள் சிரிக்கும்படி இருந்தால், அவர்களின் கடனைக் காட்டி நாம் பேச முடியுமா?

பாட்டியின் கரிக்கோடு

இதை எனக்குப் புரிய வைத்தவர் பாட்டி. இளவயதில் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் கொண்டுபோகும் பாலை ஸ்டோரில் எடை போட்டு, அதில் காய்ந்த கித்தா எவ்வளவு தேறும் என்று பார்த்து, கிராணி ஏட்டில் எழுதுவார். சம்பளம் அந்த ஏட்டின்படிதான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தினமும் வீடு திரும்பியதும் அடுப்புக் கரியால் சமையலறைச் சுவரில் கோடு போடுவாராம். இத்தனை வாளி, இத்தனை கோடு.

ஒரு மாதம் ஏட்டுக் கணக்குக் குறைவாக வந்தது. பாட்டி போய்க் கேட்டார். யாரும் நம்பவில்லை. கிராணியையே லயத்துக்கு அழைத்து வந்து சுவரைக் காட்டினாராம். முழுவதும் கிடைக்கவில்லை, ஆனால் கொஞ்சம் திருத்திக் கொடுத்தார்கள்.

"அவங்க எழுதுறது அவங்க கணக்கு, கண்ணு. நம்ம கிட்ட நம்ம கணக்கு இருக்கணும். இல்லாட்டி எதை வச்சுக் கேப்ப?" என்றார் பாட்டி.

"நீங்க ஒரு கோடு கூடப் போட்டிருந்தா யாருக்குப் பாட்டி தெரியும்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"ஒரு தடவை கூடப் போட்டுட்டா, அப்புறம் சுவர் முழுக்கப் பொய்யாயிடும்ல?"

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி, ஐநாவின் வெளிப்படைத்தன்மை விதிகளை எனக்கு இரண்டே வரியில் சொல்லிவிட்டார். கணக்கு என்பது மேலிடத்துக்குப் போடும் கும்பிடு அல்ல. எளியவன் வலியவனைக் கேட்பதற்கு வைத்திருக்கும் ஆயுதம். அது நேர்மையாக இருக்கும்வரைதான் வெட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், படிக்கலாம். நாட்டின் ஈராண்டு அறிக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள். முழுவதையும் படிக்க வேண்டாம். சுருக்கத்தைப் படியுங்கள். பிறகு உங்கள் பாடத்துக்கு நெருங்கிய ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். வேதியியல் படிப்பவர் குப்பை மீத்தேனையும், பொருளியல் படிப்பவர் கரிம அடர்த்தியையும், உயிரியல் படிப்பவர் காட்டையும் பார்க்கலாம். எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு நல்ல இடுபணித் தலைப்புகள் அதில் நிறைய உண்டு.

இரண்டாவது, பள்ளியில் எண்ணலாம். ஒரு வாரம் சிற்றுண்டிச் சாலையில் மீந்துபோகும் உணவை எடை போட்டு எழுதுங்கள். பள்ளியின் மின்கட்டணத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டு மாத வாரியாக வரையுங்கள். மரம் நட்டால், ஓராண்டு கழித்து எண்ணும் நாளையும் அன்றே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். நடும் நாளுக்கு வரும் கூட்டம் எண்ணும் நாளுக்கு வராது. பரவாயில்லை. நான்கு பேர் போதும்.

மூன்றாவது, கேட்கலாம். தேசியப் பருவநிலை மாற்றச் சட்ட மசோதா குறித்து 2024இல் இயற்கை வளம், சுற்றுச்சூழல் நிலைத்தன்மை அமைச்சு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. நம் வயதினர் எத்தனை பேர் அதைப் படித்திருப்போம்? எந்தச் சட்டம் வந்தாலும் இளைஞர்கள் விடாமல் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எண்கள் எங்கிருந்து வந்தன என்பது பொதுவில் இருக்க வேண்டும். காட்டைப் பற்றிய எண் என்றால் எந்தக் காட்டில், எப்போது, யார் அளந்தது என்பதும் வேண்டும்.

நான்காவது, நம் மொழியில் சொல்லலாம். தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த நம்மில் பலருக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கைகொடுக்கும். இதைச் சுமை என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் உள்ள அறிக்கையைப் படித்து, மலாயில் அதிகாரியிடம் கேள்வி கேட்டு, தமிழில் பாட்டிக்கு விளக்க நம்மால் முடியும். வெள்ளத்தில் நாற்காலியோடு தூக்கி வைக்கப்பட்டவருக்கு, அந்த வெள்ளத்தைப் பற்றி நாடு என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

இது ஒரு தொழிலாகவும் வளர்ந்து வருகிறது. வாயுக் கணக்கு எடுக்கவும் சரிபார்க்கவும் தெரிந்தவர்கள் அரசுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தேவைப்படுகிறார்கள். கணிதமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மட்டுமே யோசிக்கும் பெற்றோரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, அந்த 63 கன்றுகள். இயக்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். "பழைய அறிக்கையைக் கிளறினால் புள்ளி போய்விடும்" என்றார் ஒருவர். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, இந்த ஆண்டு அறிக்கையில் ஒரு வரி சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். "சென்ற ஆண்டு நட்டது 200. இன்று உயிரோடு இருப்பவை 63."

படிக்க நன்றாக இல்லைதான். ஆனால் அந்த வரிக்குப் பிறகு முதன்முறையாகத் தண்ணீர் ஊற்ற முறைப் பட்டியல் போட்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை என் முறை.